அரிசித் தடை வழியே நாடாளுமன்றத்தைப் படிப்பது எப்படி?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளில் நாடாளுமன்றத்தைத் தொடாத ஆண்டு அரிது. 2018இல் நாடாளுமன்றப் பணிக்குக் குழுக்கள் ஏன் பயன்படுகின்றன, அதில் மதிப்பீட்டுக் குழுவின் பங்கு என்ன என்று கேட்டார்கள். 2021இல் துறைசார் நிலைக்குழுக்கள் (அமைச்சகங்களின் பணியை ஆராயும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுக்கள்) நிர்வாகத்தை விழிப்போடு வைத்திருக்கின்றனவா, தக்க எடுத்துக்காட்டுகளோடு மதிப்பிடுக என்றார்கள். பலருடைய விடைத்தாள் வெளிறிப்போவது அந்த 'எடுத்துக்காட்டுகளோடு' வரும் இடத்தில்தான். 1993இல் 17 குழுக்கள், 2004இல் 24 ஆயின, ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என்று எல்லோரும் எழுதிவிடுகிறோம். அந்த 31 பேர் ஒரு விஷயத்தில் என்ன சொன்னார்கள், அரசு அதற்கு என்ன பதில் தந்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு.

டெல்லி ஓல்டு ராஜிந்தர் நகரில் தங்கித் தமிழ் வழியில் தேர்வு எழுதி, நேர்முகத் தேர்வு வரை சென்றவள் நான். அங்கே ஜெராக்ஸ் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் நோட்ஸ் எதிலும் இந்தப் பகுதி உயிரோடு இல்லை. அதனால் நானும் என் அறைத்தோழியும் வேறு வழியில் படித்தோம். அரசின் ஒரே ஒரு வர்த்தக முடிவை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, நாடாளுமன்றம் அதை எந்தெந்த இடத்தில் பிடித்துக் கேள்வி கேட்டது, எங்கே பிடி நழுவியது என்று கடைசிவரை பின்தொடர்ந்தோம். தமிழ் வழியில் எழுதும் தம்பி தங்கைகளுக்கு இந்த முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது அரிசி. தோழி காங்கேயத்துக்காரி, அவளுடைய மாமா அங்கே அரிசி ஆலை நடத்துகிறார். 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் கடைகளில் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிக் குவித்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியதும் அதே நாளில்தான். அவை கூடியிருந்த நாளிலேயே, அவையில் ஒரு சொல் பேசாமல், ஓர் அறிவிக்கையின் மூலம் அந்தத் தடை வந்தது. ஆகஸ்ட் 25இல் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. "புழுங்கலுக்குத் தடை இல்லையே மாமா, வரிதானே?" என்று தோழி தொலைபேசியில் கேட்டாள். "தடையை ஒருத்தர் போடுகிறார், வரியை இன்னொருத்தர் போடுகிறார். நான் யாரிடம் போய்க் கேட்பது கண்ணு?" என்றார் அவர். எங்கள் பாடமே அந்தக் கேள்வியிலிருந்துதான் விரிந்தது.

தடை விதித்தது வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். அதற்கான அதிகாரம் 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் இருக்கிறது. 5ஆவது பிரிவு, வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையை அறிவிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கே தருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள கொள்கையும் அப்படி அறிவிக்கப்பட்டதுதான். அவையின் வாக்கெடுப்புக்கு அது வரவேண்டியதில்லை. வரி விதிப்போ நிதி அமைச்சகத்தின் கையில், சுங்கச் சட்டங்களின் கீழ் இருக்கிறது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி வரியைக் குறைக்கலாம், விலக்கும் அளிக்கலாம். அந்த அறிவிக்கையை அவையில் வைத்தால் போதும். 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 8, 8ஏ பிரிவுகளின்படி அவசரமாக வரியை உயர்த்தினால் அப்படி விட்டுவிட முடியாது. அறிவிக்கையை இரு அவைகளிலும் வைத்து, மக்களவையில் வைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் ஒப்புதல் தீர்மானம் கொண்டுவர வேண்டும். புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் பொருட்களுக்கு 200 சதவீத வரி விதிக்கப்பட்டது 8ஏ பிரிவின் கீழ்தான்.

உயர்த்தினால் அவையின் ஒப்புதல் வேண்டும், குறைத்தால் தாளை வைத்துவிட்டுப் போகலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திவிட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 265ஆவது பிரிவு தானாகவே விளங்கிவிடும். சட்டத்தின் அனுமதி இல்லாமல் வரி விதிக்கக் கூடாது என்பதன் நடைமுறை உருவம் இது. வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ் வரும் ஆணைகளையும் இரு அவைகளிலும் 30 நாட்களுக்கு வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் திருத்தமோ ரத்தோ கோரலாம். அப்படிக் கோரும் உறுப்பினரைக் காண்பது அபூர்வம். சார்நிலைச் சட்டங்கள் குழு என்று ஒவ்வோர் அவையிலும் ஒன்று இருப்பது இதற்காகவே. பாடநூலில் கால் பக்கத்தில் முடிந்துபோகும் குழு அது. வர்த்தகத் துறையைப் பொறுத்தவரை அதற்குத்தான் அதிக வேலை இருக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் இங்கே பெரும்பாலான முடிவுகள் அறிவிக்கைகளாகத்தான் பிறக்கின்றன.

அடுத்து கேள்விகள். மணிப்பூர் விவகாரத்தால் அந்தக் கூட்டத்தொடரில் அவைகள் பெரும்பாலும் அமளியில் கழிந்தன. அப்போதும் எழுத்துப்பூர்வமான பதில்கள் வந்துகொண்டே இருந்தன. மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் தர வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாடாளுமன்றச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் ஒருவரை ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் சந்தித்தோம். ஒரு பதிலை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுத்தந்தவர் அவர். "பதிலை அப்புறம் படியுங்கள் அம்மா, முதலில் கேள்வியை எண்ணுங்கள்" என்றார்.

அதன் பொருள் இது. உறுப்பினர் தன் கேள்வியை (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரித்துக் கேட்டிருப்பார். தடையால் எவ்வளவு ஏற்றுமதி குறைந்தது, விவசாயிகளின் வருமானம் எவ்வளவு பாதிக்கப்பட்டது, மாநிலங்களைக் கலந்தாலோசித்தீர்களா, தடை எப்போது நீங்கும் என்று தனித்தனியாக நிற்கும். பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று தொடங்கி ஒரே பத்தியாக வரும். உள்நாட்டு விலை, உணவுப் பாதுகாப்பு, இருப்பு நிலவரம் எல்லாம் அதில் இருக்கும். மாநிலங்களைக் கலந்தாலோசித்த கதை மட்டும் இருக்காது. பென்சிலை எடுத்து, எந்த உட்பிரிவுக்குப் பதில் இல்லையோ அதைச் சுழியுங்கள். 'கேள்வி நேரத்தின் வரம்புகள்' என்ற தலைப்பில் எழுத உங்களுக்கு வேறு நோட்ஸ் தேவைப்படாது. அதே சமயம், அமைச்சகமே புள்ளிவிவரம் இணைத்துத் தரும் பதில்களும் நிறைய உண்டு. எந்த நாட்டுக்கு எத்தனை டன் என்ற பட்டியலோடு வரும் அவை மூன்றாம் தாளின் பொருளாதாரப் பகுதிக்கும் உதவும்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்று ஒரு பதிலில் கண்டால் சலிப்போடு கடந்துவிடாதீர்கள். நாடாளுமன்ற நடைமுறையில் அது ஓர் உறுதிமொழி. அரசு உறுதிமொழிகள் குழு அதைப் பதிவு செய்து, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றச் சொல்லிப் பின்தொடரும். ஒரே ஒரு உறுதிமொழியைத் தேடிப்பிடித்து அது நிறைவேறியதா, கிடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களானால், விடைத்தாளில் அந்த இரண்டு வரி மற்றவர்களிடம் இருக்காது.

வர்த்தகத்துக்கான நிலைக்குழு மாநிலங்களவையின் பொறுப்பில் உள்ள எட்டுக் குழுக்களில் ஒன்று. 2018 ஜூலையில் வந்த அதன் 145ஆவது அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். சீனப் பொருட்கள் இந்தியத் தொழில்களைப் பாதித்த விதத்தை நரேஷ் குஜ்ரால் தலைமையில் ஆராய்ந்த அறிக்கை அது. மருந்து மூலப்பொருள், சூரிய மின்தகடு, பொம்மை, சைக்கிள் என்று துறை துறையாகப் போகிறது. கட்சி வேறுபாடு தெரியாமல் உறுப்பினர்கள் ஒரே குரலில் பேசுவதை அங்கே பார்க்கலாம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அவைக்கும் இந்த அறைக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய 161ஆவது அறிக்கை (2021), மின்வணிகம் பற்றிய 172ஆவது அறிக்கை (2022) இரண்டையும் நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. அரசு என்ன செய்தது என்பதை ஆராயும் நடவடிக்கை அறிக்கை பின்னால் வரும். அதில் பரிந்துரைகள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: அரசு ஏற்றவை, அரசின் விளக்கத்தைக் கேட்டுக் குழு வற்புறுத்தாமல் விட்டவை, அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்தவை, இறுதிப் பதில் இன்னும் வராதவை. மூன்றாவது வகையை முதலில் படியுங்கள். குழுவும் அமைச்சகமும் நேருக்கு நேர் மோதுவது அங்கேதான். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது என்ற ஒற்றை வரியைவிட, ஏற்க மறுத்த ஒரு பதிலை எடுத்துச் சொல்வது மதிப்பெண் தரும். மசோதாக்கள் குழுவுக்கு அனுப்பப்படுவது 15ஆவது மக்களவையில் 71 சதவீதமாக இருந்து 17ஆவதில் 16 சதவீதமாகக் குறைந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒப்பந்தங்கள். நேர்முகத் தேர்வில் வாரிய உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டது இதைத்தான்: "நாடாளுமன்றம் ஒப்புதல் தராத வர்த்தக ஒப்பந்தம் மக்களாட்சிக்குப் பொருந்துமா?" இந்தியா-ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தை வைத்துப் பதில் சொன்னேன். 2022 ஏப்ரல் 2இல் கையெழுத்தாகி டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்தது அது. ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றத்தின் உடன்படிக்கைகள் கூட்டுக்குழு அதை ஆராய்ந்தது. நவம்பரில் இரு அவைகளும் அதற்கான சட்டங்களை நிறைவேற்றின. நம் பக்கத்தில் அமைச்சரவையின் ஒப்புதலும் சுங்க அறிவிக்கைகளும் போதுமாயின. நம் அரசமைப்பில் இதற்குத் தடை இல்லை. 73ஆவது பிரிவு ஒப்பந்த உரிமைகளைச் செயல்படுத்துவதை ஆட்சித்துறையின் அதிகாரத்தில் வைக்கிறது. 253ஆவது பிரிவு ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது, ஆனால் ஒப்பந்தம் செய்யுமுன் ஒப்புதல் பெறச் சொல்லவில்லை. குடிமக்களின் உரிமையைத் தொட்டாலோ நாட்டின் சட்டத்தை மாற்றினாலோதான் சட்டம் தேவை என்று 1969இல் மகன்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சுங்க வரியைக் குறைக்க 1962ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருவதால், வர்த்தக ஒப்பந்தத்துக்குப் புதிய சட்டம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இந்தக் கண்ணியை விளக்காமல் 'நாடாளுமன்றம் ஓரங்கட்டப்படுகிறது' என்று மட்டும் எழுதுவது பாதி விடைதான்.

மறுபாதிக்குக் காப்புரிமைச் சட்டத்தைப் பாருங்கள். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்காக 1994 டிசம்பர் 31இல் அவசரச் சட்டம் வந்தது. அடுத்து வந்த மசோதாவுக்கு மக்களவை ஒப்புதல் தந்தும் மாநிலங்களவையைத் தாண்ட முடியாமல் அது காலாவதியானது. 1999, 2002, 2005 என்று மூன்று திருத்தங்களுக்குப் பிறகே ஒப்பந்தம் முழுமையாகச் சட்டமானது. கடைசித் திருத்தத்தில் வலுப்படுத்தப்பட்ட 3(டி) பிரிவு, பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கிறது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு தோற்றது. புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்கான காப்புரிமை வழக்கிலும் 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் பக்கமே நின்றது. சட்டத் திருத்தம் தேவைப்பட்ட இடத்தில் நாடாளுமன்றத்தின் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. எண்ணற்ற நோயாளிகளுக்குக் குறைந்த விலையில் மருந்து கிடைத்ததில் அந்த நீண்ட விவாதங்களுக்கும் பங்குண்டு.

முன்ஒப்புதல் வேண்டுமா என்று நீங்கள் ஒரு நிலை எடுத்தாக வேண்டும். நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அரசமைப்பு ஆய்வு ஆணையம் 2002இல் ஒப்பந்தங்களை நெறிப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான் அதன் பக்கம். பேச்சுவார்த்தையின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. 2001இல் தோஹாவில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில், அப்போது நம் வர்த்தக அமைச்சராக இருந்த முரசொலி மாறன் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நின்றதை நாடே பார்த்தது; பேரம் பேசுகிறவருக்கு அந்த இடைவெளி வேண்டும். கையெழுத்திட்ட பின், நடைமுறைக்கு வருமுன், நிலைக்குழு அதை ஆராயலாம் என்பதே நான் வாரியத்திடம் சொன்ன நடுவழி.

250 சொல் விடையில் இவ்வளவும் அடங்காது. அரிசியை ஒரு பத்தியிலும் ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தை ஒரு பத்தியிலும் எழுதி, நிலைக்குழு அறிக்கை ஒன்றை எண்ணோடு சொன்னால் நிறைவாக இருக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் சட்டத்தின் பெயரை முதல் முறை ஆண்டோடு முழுமையாக எழுதிவிட்டு, பிறகு 'அச்சட்டம்' என்று சுருக்கிக்கொள்ளலாம், நேரம் மிச்சமாகும்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, ஆராய்கின்றன. அவை மீண்டும் கூடும்போது பெரும்பாலான அமைச்சகங்களின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். வர்த்தகத் துறையின் முறை வராத ஆண்டுகளில் அந்தப் பணத்தை வரி வரியாகப் பார்த்தது அந்தக் குழு மட்டும்தான். மார்ச் மாதம் அறிக்கை வெளிவந்ததும், முதல்நிலைத் தேர்வின் பரபரப்பு தொற்றுவதற்குள், அதன் கடைசியில் தொகுத்திருக்கும் பரிந்துரைகளை மட்டுமாவது படித்து, அமைச்சகம் எதில் மழுப்பும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதற்கு எதிரே ஒரு குறி போட்டு வையுங்கள். நடவடிக்கை அறிக்கை வரும்போது எடுத்து ஒப்பிடலாம்.