தொப்பூர் இறக்கமும் ஏர் பிரேக்கும்

காலையில் லாரியை ஸ்டார்ட் செய்ததும் டிரைவர் உடனே கிளம்ப மாட்டார், கவனித்திருப்பீர்கள். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் ஏர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். லாரி பிரேக் காற்றில் வேலை செய்வது; கம்ப்ரசர் டேங்கில் காற்றை நிரப்பி அழுத்தம் 7, 8 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) வர வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காற்று இறங்கியிருந்தால், பின்சக்கரங்களை ஒரு முரட்டு ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்று போய் அதை அமுக்கினால்தான் சக்கரம் விடுபடும்.

அதனால் "காத்து போனா பிரேக் போச்சு" என்று சொல்வது பாதிதான் சரி. கால் பிரேக்குக்குக் காற்று வேண்டும்: மிதி வெறும் வால்வுதான், அதை அழுத்தினால் டேங்க் காற்று சக்கரத்தருகே உள்ள சேம்பர் என்ற கிண்ணத்துக்குப் போய் ஒரு ராடைத் தள்ளும், ராடு கேம் என்ற வளைந்த துண்டைத் திருப்பும், கேம் ஷூ என்ற பிரேக் கட்டையை விரித்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். காலை எடுத்ததும் அந்தக் காற்றுதான் 'புஸ்' என்று வெளியே போகிறது. ஆனால் காற்று மொத்தமாக இறங்கினால் ஸ்பிரிங் தானாகவே பிடித்துவிடும். காற்று போனால் பிரேக் பிடிக்க வேண்டும் என்ற யோசனை பழசு; 1870-களிலேயே அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்கு அப்படிச் செய்துவிட்டார். பெட்டி கழன்று காற்று பைப் அறுந்தாலும் பிரேக் பிடிக்கும்.

சரி, இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் ஏன் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் இடிக்கின்றன? டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது ஒரு முக்கியக் காரணம். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அத்தனை டன்னும் டிரம்மின் தலையில். டிரம் சூடேறி விரிய விரிய, ஷூ அதைத் தொட ராடு இன்னும் நீளமாக நகர வேண்டும், அதற்கோ ஒரு எல்லை உண்டு. ஷூவின் மேல் உள்ள உராயும் பட்டையான லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கும். மீட்டரில் காற்று முழுசாக இருக்கும், மிதித்தால் வண்டி நிற்காது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாலும், அந்த ஸ்பிரிங் அழுத்துவது அதே ஷூ, அதே டிரம்தானே! என்ஜினையும் அணைத்துவிட்டால் கம்ப்ரசரும் நின்றுவிடும், அதன் பிறகு ஒவ்வொரு மிதிக்கும் டேங்க் காலியாகிக்கொண்டே வரும்.

விமானத்திலும் ஏர் பிரேக் உண்டு, ஆனால் அதில் கம்ப்ரசரும் டேங்கும் கிடையாது. வெளியே வீசும் காற்றுக்குக் குறுக்கே ஒரு தகட்டைத் தூக்குவதுதான் அது. பிஏஇ 146 என்ற பயணிகள் விமானத்தில் வால் நுனியே இரண்டாகப் பிளந்து விரியும். ஜன்னல் ஓரம், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால், சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கை மேல் வரிசையாகப் பலகைகள் எழும்பி நிற்பதைப் பார்க்கலாம், ஸ்பாய்லர் என்பார்கள். காற்றைத் தடுப்பதைவிட அதற்குப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. தரையைத் தொட்ட பிறகும் இறக்கை விமானத்தைத் தூக்கிக்கொண்டேதான் இருக்கும், அந்தத் தூக்கலைக் கெடுத்தால்தான் எடை சக்கரத்தில் இறங்கும், எடை இறங்கினால்தான் சக்கர பிரேக் வழுக்காமல் பிடிக்கும். அந்த பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது.

சூடு அங்கேயும் விடாது. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் பிரேக் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் ஆறும்வரை அடுத்த முறை கிளம்பக் கூடாது, காக்பிட்டில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். நம்ம ஊர் லாரியில் டிரம் சூட்டுக்கு அப்படி மீட்டர் ஏது, லைனிங் கருகும் வாடைதான். அது வந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விட்டுவிடும்.