தான்சானியா சஃபாரி: முதலில் மாதம், அப்புறம்தான் பூங்கா

செரெங்கெட்டியில் மூன்று இரவு என்று சொன்னால் மட்டும் போதாது. செரெங்கெட்டியில் எங்கே என்று கேட்க வேண்டும். பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கம் கென்யாவில் இருக்கும் மசாய் மாரா காப்பகம் ஏறத்தாழ 1,500தான். தெற்கே டூட்டுவிலிருந்து வடக்கே மாரா ஆற்றங்கரையில் உள்ள கோகடெண்டேவுக்கு மண் சாலையில் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். ஆகஸ்டில் டூட்டுவில் கூடாரம் பதிவு செய்தவர் காய்ந்த புல்வெளியைத்தான் பார்ப்பார். வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற மான்களின் மந்தையெல்லாம் அப்போது வடக்கே இருக்கும்.

அதனால் எந்த மாதம் லீவு கிடைக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மந்தை மழைக்குப் பின்னால் போகிறது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்குச் சமவெளியில், டூட்டு பக்கம் இருக்கும். அங்கே எரிமலைச் சாம்பல் படிந்த மண். சற்று ஆழத்தில் பாறைபோல் இறுகிக் கிடப்பதால் மரம் வேரூன்ற முடியாது, குட்டைப் புல்தான் வளரும். அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம் என்பதால்தான் பால் கொடுக்கும் தாய்கள் அங்கே வந்து சேருகின்றன. பெரும்பாலான கன்றுகள் பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் பிறந்துவிடும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து, தள்ளாடி, விழுந்து, மறுபடி எழுந்து தாயின் பக்கத்தில் ஓடத் தொடங்கும். கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் சுற்றிலும் காத்திருக்கும். மறைவே இல்லாத வெளி என்பதால் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

டூட்டுவில் இன்னொரு வசதியும் உண்டு. அதன் பெரும்பகுதி செரெங்கெட்டி பூங்காவுக்குள் வராது, ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியைச் சேர்ந்தது. பருவத்தில் அங்கே தடத்தை விட்டு இறங்கி ஓட்ட அனுமதி உண்டு. செரெங்கெட்டி எல்லைக்குள் அது குற்றம். விலங்கு தூரத்தில் தெரிந்தால் அங்கே நின்றே பார்க்க வேண்டியதுதான். உள்ளே போகச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள், அபராதம் அவர் தலையில் விழும்.

மே, ஜூனில் மந்தை நடுப்பகுதியிலும் மேற்கே குருமெட்டி பக்கமும் நகரும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கில், மாரா ஆற்றுப் பக்கம். ஆற்றைக் கடப்பது ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. அதே மந்தை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பல தடவை போய்வரும். ஆயிரக்கணக்கில் கரையில் கூடி நிற்கும். முன்னால் நிற்பது ஒன்று மிரண்டு பின்வாங்கினால் மொத்தக் கூட்டமும் திரும்பிவிடும். இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அப்படித்தான் ஆகும். அதனால் கோகடெண்டேவில் ஒரு இரவு போதாது, குறைந்தது மூன்று வேண்டும்.

மாதம் ஒத்துவராவிட்டால் மந்தையை மறந்துவிட்டு நடுச் செரெங்கெட்டியான செரோனெராவில் தங்குங்கள். சிங்கமும் சிறுத்தையும் ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கின்றன. சிறுத்தையைத் தேடும்போது ஆற்றோரத்து மரங்களில் கிடைமட்டமாகப் போகும் கிளைகளைப் பாருங்கள். உடம்பு இலைக்குள் மறைந்திருக்கும். கீழே தொங்கும் வால்தான் முதலில் கண்ணில் படும்.

தாரங்கிரே பூங்கா நேர் எதிர்க் கணக்கு. 2,850 சதுர கிலோமீட்டர்தான், சஃபாரி கிளம்பும் நகரமான அருஷாவிலிருந்து சாலையில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை சுற்று வட்டாரம் முழுக்க வறண்டு, தாரங்கிரே ஆற்றில் மட்டும் தண்ணீர் நிற்கும். அப்போது யானைகள் நூற்றுக்கணக்கில் ஆற்றுக்கு வரும். பாவோபாப் என்னும் பெருக்க மரங்களின் அடித்தண்டில், யானைகள் ஈரத்துக்காகக் குத்திக் கிழித்த பள்ளங்களை வண்டியில் இருந்தே பார்க்கலாம். சில மரங்கள் ஆள் நுழையும் அளவுக்குக் குடையப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் யானைகள் பூங்காவுக்கு வெளியே பரவிவிடுவதால் பிப்ரவரிப் பயணத்தில் இதற்கு ஒரு பகல் போதும். செட்ஸி ஈ இங்கே தொல்லை. சட்டைக்கு மேலேயே கடிக்கும். கருநீலமும் கருப்பும் அதை இழுக்கும் நிறங்கள், காக்கியோ மங்கிய பச்சையோ போடுங்கள்.

ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்கு ஒரு நாள் போதும், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். சுமார் 600 மீட்டர் ஆழம், அடித்தளம் ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். கருப்புக் காண்டாமிருகம் பார்க்க இந்தச் சுற்றில் நல்ல வாய்ப்பு இங்கேதான். ஒட்டகச்சிவிங்கியை அங்கே தேடாதீர்கள். காலையில் வாயில் திறந்ததுமே இறங்குங்கள், பத்து மணிக்கு மேல் வண்டிகள் குவிந்துவிடும். விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கம்பளிச் சட்டை கட்டாயம். உள்ளே நீர்யானைக் குளத்தருகே சாப்பிட நிறுத்துவார்கள். டப்பாவை வண்டிக்குள்ளேயே வைத்துச் சாப்பிடுங்கள். பருந்து கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு போகும், நகம் பட்டால் காயம்.

மன்யாரா ஏரிப் பூங்கா அழகான காடு. ஆனால் ஆறு நாளுக்குக் குறைவான பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம் என்பேன். அந்த அரை நாளைச் செரெங்கெட்டிக்குக் கொடுக்கலாம்.

பணக் கணக்கில் தவறுவது பெரும்பாலும் ஒரு இடத்தில்தான். நுழைவுச் சீட்டு 24 மணி நேரத்துக்கு. பகல் ஒரு மணிக்குச் செரெங்கெட்டியின் நாபி குன்று வாயிலில் நுழைந்து இரண்டு இரவு தங்கினால், மூன்றாம் நாள் ஒரு மணிக்குள் அதே வாயிலைத் தாண்ட வேண்டும். தாமதமானால் இன்னொரு நாள் கட்டணம். சாலை வழியாகச் செரெங்கெட்டி போக ங்கோரோங்கோரோ பகுதியைக் கடந்துதான் ஆக வேண்டும். போகும்போதும் வரும்போதும் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். பள்ளத்தில் இறங்க வண்டிக்கு 250 டாலரும் அதன்மேல் 18 சதவீத வரியும். நான்கு பேர் பகிர்வதற்கும் இரண்டு பேர் பகிர்வதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரியும். விலைப்பட்டியலில் இவையெல்லாம் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

அருஷாவிலிருந்து செரோனெராவுக்கு சாலையில் ஏழெட்டு மணி நேரம், சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்தை ஒட்டி. ஒரு வழி சாலை, ஒரு வழி விமானம் என்று வைத்தால் ஒரு பகல் மிஞ்சும். விமானத்துக்குக் கேமராவையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள்.

கென்யா வழியாக வந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை விமானம் ஏறுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். அதற்கு முன் அந்தச் சான்றிதழ் செல்லாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழான மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள், ஊர் திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள்.