தேங்காய் எண்ணெய்த் தரநிலை வரைவுக்குக் கருத்து எழுதியபோது

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து மில்களில் ஆட்டும் தேங்காய் எண்ணெய் கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகிறது. அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் மில் வைத்திருப்பவர்களிலும் தமிழ்க்காரர்கள் நிறைய. 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கலப்படம் என்று பல பிராண்டுகளைத் தடை செய்த பிறகு, எல்லைக்கு இரண்டு பக்கமும் ‘அயோடின் எவ்வளவு, பொலென்ஸ்கி எவ்வளவு’ என்று கேட்கப் பழகிவிட்டார்கள். அயோடின் மதிப்பு எண்ணெயின் நிறைவுறாத் தன்மையைக் காட்டும் எண், பொலென்ஸ்கி நீரில் கரையாமல் ஆவியாகும் கொழுப்பமிலங்களைக் காட்டும் எண். அந்த எண்களை யார், எப்போது எழுதுகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ‘சாம்பிள் ஃபெயில்’ என்று தாள் வந்த பிறகு எண்ணோடு மல்லுக்கட்ட முடியாது. வரைவாக இருக்கும்போதுதான் முடியும். சிறு மில்கள் சேர்ந்து அப்படிக் கருத்து எழுதப் போனதில் தெரிந்துகொண்டவை இவை.

முதலில், எந்த அலுவலகத்தின் வரைவு என்று பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எழுதுவது சட்டம், மீறினால் வழக்கு. அங்கே அறிவியல் குழு, அதற்கு மேல் அறிவியல் கமிட்டி, பிறகு ஆணையம் என்று ஏறி, வரைவு அறிவிப்பாக வெளிவரும். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) எழுதும் ஐ.எஸ். 542 தேங்காய் எண்ணெய்க்கான இந்தியத் தரநிலை, ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்பவர்களுக்கு. அங்கே எண்ணெய், எண்ணெய்வித்துகளுக்கான குழுவில் உற்பத்தியாளர், ஆய்வகம், அரசுத் துறை, நுகர்வோர் அமைப்பு எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டதுதான் வரைவாக வெளியே வருகிறது. இரண்டிலும் கருத்துச் சொல்ல வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். காதில் விழும்போது நிறைய நாள் போலத்தான் இருக்கும். ஆய்வக அறிக்கை வர ஆகும் நாள்களைக் கழித்தால் மிஞ்சுவது குறைவு. வரைவு வந்த பிறகு சாம்பிள் எடுக்கப் போனால் பிந்திவிடும். சீசன்தோறும் எடுத்து எண்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கருத்தைக் கடிதமாக எழுதக் கூடாது. ‘சிறுதொழில் நசிந்துவிடும்’ என்று இரண்டு பக்கம் எழுதினால் பெற்றுக்கொண்டதாகக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர்கள் தரும் அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு ஷரத்து: ஷரத்து எண், இப்போது உள்ள வாசகம், மாற்ற வேண்டிய வாசகம், காரணம். மாற்று வாசகம் இல்லாத வரிக்குக் குழுவில் விவாதிக்க ஒன்றும் இருக்காது. அதை நிரப்பாமல் விடுவதுதான் நம் ஆட்கள் அதிகம் செய்யும் தவறு.

இனி எண்கள். உணவுச் சட்டத்தில் தேங்காய் எண்ணெயின் அயோடின் மதிப்பு 7.5 முதல் 10 வரை, சபோனிஃபிகேஷன் (சோப்பாக்கத் தேவைப்படும் காரத்தின் அளவு) 250-க்குக் குறையாமல், பொலென்ஸ்கி 13-க்குக் குறையாமல், அமில மதிப்பு (பிரிந்து நிற்கும் அமிலத்தின் அளவு) 6-க்கு மிகாமல் இருக்க வேண்டும். கோடெக்ஸ் என்னும் உலகத் தரநிலையிலோ அயோடின் 6.3 முதல் 10.6 வரை போகலாம். வரம்பை அகலமாக்கு என்று கேட்கத்தான் முதலில் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாமாயில் கொட்டை எண்ணெயின் அயோடின் 14 முதல் 21 வரை. அயோடின் 8 உள்ள நல்ல எண்ணெயில், 18 உள்ள கொட்டை எண்ணெயை 20 சதவீதம் கலந்தால் 6.4 + 3.6 = 10. இப்போதுள்ள வரம்பிலேயே தப்பிவிடும், சபோனிஃபிகேஷனும் காட்டிக்கொடுக்காது. வரம்பை அகட்டினால் கலப்படக்காரனுக்குத்தான் வழி. மறுபக்கம், டெசிகேட்டட் தேங்காய் (உலர் துருவல்) யூனிட்டில் சீவித் தள்ளும் பழுப்புத் தோலை ஆட்டினால் வரும் எண்ணெய்க்கு அயோடின் இயல்பாகவே கூடுதல். அது கலப்படம் இல்லை, ஆனாலும் ஃபெயில் ஆகும். அதனால் அதற்குத் தனி வகை கேட்பதும், சந்தேகச் சாம்பிளுக்குக் கொழுப்பமிலப் பகுப்பாய்வு கேட்பதும்தான் நியாயம் என்று முடிவு செய்தோம். லாரிக் அமிலத்தை மட்டும் பார்த்தால் இரண்டு எண்ணெயும் ஒன்று போலவே தெரியும். ஒலியிக் அமிலத்தில்தான் பிடிபடும்: தேங்காயில் 5 முதல் 10 சதவீதம், கொட்டை எண்ணெயில் 12 முதல் 19.

இந்த வாதத்துக்குப் பின்னால் வைக்கும் சாம்பிள் சரியாக இருக்க வேண்டும். நாங்கள் சறுக்கியது இங்கேதான். மார்கழி, தை மாதக் காலையில் டேங்கில் எண்ணெய் பாதி உறைந்திருக்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் மொண்டால் அது அயோடின் கூடிய பகுதி. அடியில் உறைந்தது குறைந்த பகுதி. ஒரே டேங்க், இரண்டு முடிவு. 40, 50 டிகிரிக்கு இளஞ்சூடாக்கி, முழுதும் உருகிய பிறகு கலக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று பங்கு: ஒரு ஆய்வகத்துக்கு, இன்னொரு ஆய்வகத்துக்கு, கையிருப்புக்கு. கருப்புக் கண்ணாடி பாட்டில், கழுத்துவரை நிரப்பி, வெயில் படாமல்.

ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியவை இரண்டு. அயோடின் சோதனைக்கு இந்த எண்ணெயில் சுமார் 3 கிராம் எடுக்க வேண்டும். சூரியகாந்தி, சோயா சோதித்துப் பழகிய கை 0.2 கிராம் எடுத்தால் டைட்ரேஷனில் (சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பதில்) ஒரு சொட்டுப் பிசகு முடிவையே புரட்டிவிடும். அடுத்து எஃப்.எஃப்.ஏ., அதாவது பிரிந்து நிற்கும் கொழுப்பமிலத்தின் சதவீதம். அமில மதிப்பு 6 என்பதை லாரிக் கணக்கில் சொன்னால் 2.1 சதவீதம், ஒலியிக் கணக்கில் சொன்னால் 3. எந்தக் கணக்கு என்று எழுதாத அறிக்கை அட்டவணையில் வைக்க லாயக்கில்லை. ஒரு ஆய்வகம் அப்படிக் கொடுத்த தாள்களைத் திருப்பி அனுப்பி மாற்றி வாங்க வேண்டியதாயிற்று. அமில மதிப்பு ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மில் இல்லை, ஈரம் காயாத கொப்பரைதான். 6 சதவீத ஈரத்துக்குக் கீழே காய்ந்ததா, பூசணம் பிடித்ததா, வெயிலில் காய்ந்ததா, புகைக்களத்தில் காய்ந்ததா என்று சாம்பிளோடு குறித்து வைத்தால், வரம்பைப் பற்றிய கேள்விக்குப் பதில் அதிலேயே கிடைக்கும்.

மற்றத் தொழில்களில் வாசல் வேறு. வீட்டு மின்சாதனங்களுக்கான ஐ.எஸ். 302, ஐ.இ.சி. 60335 என்னும் சர்வதேசத் தரநிலையை ஒட்டியது. எர்த் இணைப்புள்ள, எடுத்துச் செல்லக்கூடிய சாதனத்தில் கசிவு மின்னோட்டம் 0.75 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்பது போன்ற எண்கள் சர்வதேசக் குழுவிலேயே முடிவாகிவிடுகின்றன. இங்கே வரைவு வந்த பிறகு நம் மின்னழுத்தம், தட்பவெப்பம் பற்றிய விலக்குகளுக்குத்தான் இடம். கோவைக்காரர்கள் கிரைண்டருக்காகப் பேசுவதானால் இந்தியக் குழு வழியாக முன்பே பேச வேண்டும். ஏலக்காய், மிளகு விற்கும் இடுக்கிப் பக்கத்தவர்களுக்குக் கோடெக்ஸின் மசாலாப் பொருள் குழு இருக்கிறது. அதன் முதல் கூட்டமே 2014-ல் கொச்சியில்தான் நடந்தது.

பி.ஐ.எஸ்.ஸுக்கு அனுப்பிய பிறகு, ஏற்றார்களா இல்லையா என்பது குழுக் கூட்டத்தில் தெரியும். ஏற்கவில்லை என்றால் காரணத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். இந்தியத் தரநிலையை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு எடுப்பார்கள். அப்போது அதே ஷரத்துக்கு, அதே அட்டவணையில், அதுவரை சேர்ந்த சீசன் எண்களோடு திரும்பப் போகலாம்.