புல்தரையில் கிடந்த நீல ஓடு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு முன்னால், பவளமல்லிக்கும் எலுமிச்சைக்கும் நடுவே, நாலு பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு புல்தரை இருக்கிறது. சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை தண்ணீர் பாய்ச்சப் போனபோது, அதில் பாதி முட்டை ஓடு ஒன்று கிடந்தது. மயில்துத்தம் கரைத்த தண்ணீரின் நிறம். தவிட்டுக்குருவியின் முட்டை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாசலில் நின்ற ஆச்சி எட்டிப் பார்த்து, "காக்கா சோலியப் பாத்தியா, பாவம்" என்று சொல்லிவிட்டு வாரியலை எடுக்கப் போனார்.

கீழே ஓடு கிடந்தால் மேலே ஒரு கூடு அழிந்துவிட்டது என்று நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று அந்த ஓட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். முட்டையின் அகன்ற முனைப்பக்கம், மூடியைத் திறந்ததுபோல் ஏறக்குறைய வட்டமாக அறுபட்டிருந்தது. உள்ளே வெங்காயச் சருகைவிட மெல்லிய வெள்ளைச் சவ்வு காய்ந்து, விளிம்போரம் உட்பக்கமாகச் சுருண்டிருந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நூலிழைபோல் இரத்த நாளங்களின் தடம் தெரிந்தது. மஞ்சள் கரு ஒட்டியிருந்த அடையாளம் எங்கும் இல்லை. குஞ்சு தன் அலகு நுனியில் இருக்கும் சிறு கூர்முனையால் உள்ளிருந்தே சுற்றிலும் கொத்தி உடைத்து வெளியே வந்த முட்டை அது.

அப்படியானால் ஓடு புல்தரைக்கு எப்படி வந்தது? தாயோ தந்தையோ அலகில் கவ்விக்கொண்டு வந்து போட்டதுதான். முட்டையின் வெளிப்புறத்துக்கு என்ன நிறம் இருந்தாலும், உடைந்த பிறகு உட்புற வெள்ளை இலைகளுக்கு நடுவில் பளிச்சென்று தெரியும். மேலே பறக்கும் காகத்துக்கு அது கூட்டின் முகவரி. நிக்கோ டின்பெர்கன் என்ற டச்சு விலங்கியலாளர் இங்கிலாந்துக் கடற்கரையில் கருந்தலைக் கடற்காக்கைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து 1962-இல் எழுதினார். முட்டைகளுக்குப் பக்கத்தில் உடைந்த ஓட்டை வைத்தபோது, ஓடு எவ்வளவு நெருக்கமாக இருந்ததோ அவ்வளவு எளிதாகக் காகங்கள் அந்த முட்டைகளைக் கண்டுபிடித்தன. அந்தப் பறவைகள் குஞ்சு பொரித்த உடனேயே ஓட்டைத் தூக்குவதில்லை என்பதையும் அவர் கவனித்தார். ஈரம் காயாத குஞ்சைப் பக்கத்துக் கூட்டுக்காரப் பறவையே விழுங்கிவிடும் என்பதால், குஞ்சின் தூவி உலரும்வரை தாயோ தந்தையோ காத்திருந்து, அதன் பிறகே ஓட்டை அப்புறப்படுத்துகிறது. நம் தெருச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜாக்கிரதை புரியும். டின்பெர்கனுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆச்சி சொன்னதும் முழுக்கத் தவறில்லை. காகமும் வால்காக்கையும் செம்போத்தும் முட்டை திருடுபவைதாம்; அணிலும் சளைத்ததல்ல. அவை தின்ற முட்டையில் துளை கோணல்மாணலாக இருக்கும், விளிம்பு உள்நோக்கி நொறுங்கியிருக்கும், கரு வழிந்து பிசுபிசுக்கும், நாம் பார்ப்பதற்குள் எறும்பு மொய்த்திருக்கும். பாம்பு முட்டையை முழுதாக விழுங்கிவிடுவதால் கூட்டுக்குக் கீழே ஓடே கிடக்காது.

காற்றையும் விட்டுவிட முடியாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் இறங்கும் காற்றுக்கு, நாலு குச்சியை வைத்துக் கூடு என்று பெயர் பண்ணும் புறாவின் வீடு எம்மாத்திரம்! அப்படி விழும் வெள்ளை முட்டை ஒரே இடத்தில் நசுங்கி, கருவோடு கிடக்கும். பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மரத்திலிருந்து விழும் மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுகளை ஊர்க்காரர்களே எடுத்து வளர்ப்பது நாடறிந்தது.

சந்தேகம் தீர்க்க எலுமிச்சையில் ஏறிப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது. காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கணக்கில் எடுக்கிறது. எலுமிச்சை முள்ளும் சும்மா விடாது. திண்ணையில் உட்கார்ந்தே பார்த்தேன். அரை மணி நேரத்துக்குள் நாலைந்து தவிட்டுக்குருவிகள் மாறி மாறிப் புழுவோடு அந்தக் கிளைக்குள் நுழைந்து, வெறும் அலகோடு வெளியே வந்தன.

இப்போது ஆச்சி முற்றம் பெருக்கும்போது ஓடு கண்ணில் பட்டால் குப்பையில் தள்ளுவதில்லை. துளசி மாடத்தின் ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு, "இது கொத்துனதா, பொரிஞ்சதா?" என்று என்னிடம் கேட்கிறார்.