‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

நோய்க் கண்காணிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் பூஜ்யங்களோடுதான் விடியும். எங்களுக்குக் கீழே உள்ள எல்லாச் சுகாதார நிலையங்களும் சென்ற வாரம் எந்த நோய் எத்தனை பேருக்கு வந்தது என்று அறிக்கை அனுப்ப வேண்டும். காலரா, தட்டம்மை, தொண்டை அடைப்பான், திடீர்த் தளர்வாதம் என்று வரிசையாகக் கட்டங்கள். நோயாளி யாரும் இல்லாவிட்டாலும் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, பூஜ்யம் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. புதிதாகச் சேருபவர்கள் இதை வெறும் அலுவலகச் சடங்கு என்று நினைக்கிறார்கள். காலிக் கட்டம் ‘நான் பார்க்கவில்லை’ என்கிறது. பூஜ்யம் ‘தேடிப் பார்த்தேன், இல்லை’ என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சொல்கிறது என்று எழுத எனக்குத் துணிவு இல்லை. நாற்காலியை விட்டு எழாமலே போடப்பட்ட பூஜ்யங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்தச் சந்தேகத்தை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தவர்கள் இளம்பிள்ளை வாத ஒழிப்பில் பணியாற்றியவர்கள். போலியோ வைரஸ் தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் செயலிழக்கிறது. மற்றவர்களுக்குக் காய்ச்சல் வரலாம், அதுவும் வராமல் போகலாம். ஆகவே வாதம் வந்த குழந்தை ஒன்று கண்ணில் பட்டால், அதற்குள் நூற்றுக்கணக்கானவர்களிடம் வைரஸ் பரவியிருக்கும். அந்த ஒரு குழந்தையைத் தவறவிட்டால் எல்லாவற்றையும் தவறவிட்டது போலத்தான்.

அதனால் கண்காணிப்பில் இருப்பவர்கள் போலியோவை மட்டும் தேடுவதில்லை. 15 வயதுக்கு உட்பட்ட யாருக்குக் கை கால் திடீரெனத் துவண்டாலும், காரணம் எதுவானாலும், பதிவு செய்து மலமாதிரி எடுக்க வேண்டும். வாதம் தொடங்கிய 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மாதிரிகள். கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் போன்ற வேறு நோய்களாலும் குழந்தைகளுக்கு இப்படி ஆகும். போலியோவே இல்லாத இடத்திலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் சிறாரில் குறைந்தது ஒருவராவது இப்படிப் பதிவாக வேண்டும் என்பது அளவுகோல். ஒரு பகுதியில் அந்த எண்ணிக்கைகூட வரவில்லையென்றால், அங்கே குழந்தைகள் நலமாக இருக்கிறார்கள் என்று நாங்கள் மகிழ்வதில்லை; தேடுகிறவர்கள் தூங்குகிறார்கள் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.

போய்ச் செய்வது மிகச் சாதாரண வேலை. மருத்துவரிடம் கேட்டால் ‘அப்படி யாரும் வரவில்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நினைவில் இருப்பது இன்று காலை பார்த்த நோயாளிகள். நாங்கள் வார்டுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுவோம். ‘நடக்க முடியவில்லை’, ‘இடது கால் பலவீனம்’, ‘கழுத்து நிற்கவில்லை’ என்று ஏதாவது ஒரு வரி அகப்படும். இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்கும் போவோம். மருத்துவர் மறந்த குழந்தை அங்கே பயிற்சிக்கு வந்துகொண்டிருக்கும். எந்தப் பயிலரங்கிலும் கற்காததைத் தூசி படிந்த பதிவேடுகளில் கற்றிருக்கிறேன்.

நோய் வந்தவர்களை எண்ணுவதைப் போலவே வராதவர்களை விசாரிப்பதும் எங்கள் தொழிலில் பழையது. 1854ஆம் ஆண்டு லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் குழாயடி ஒன்றின் மீது சந்தேகம் கொண்டார், கைப்பிடியைக் கழற்ற வைத்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். கைப்பிடி கழற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்குப் பிடித்தது கைப்பிடி அல்ல. அந்தத் தெருவுக்கு அருகிலேயே நூற்றுக்கணக்கான ஏழைகள் தங்கியிருந்த விடுதி ஒன்று இருந்தது. சுற்றிலும் வீட்டுக்கு வீடு சாவு விழ, அங்கே சிலர்தான் இறந்தார்கள். பக்கத்து மது ஆலைத் தொழிலாளர்களுக்கும் காலரா பெரிதாக வரவில்லை. ஸ்னோ இரண்டு இடங்களுக்கும் போய்க் கேட்டார். விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. ஆலையில் வேலை செய்தவர்களுக்கு மது கிடைத்ததால் அவர்கள் தெருக்குழாய்ப் பக்கம் போகவே இல்லை. சாவுகளைக் குறித்து அவர் வரைந்த வரைபடத்தில் விழாத புள்ளிகளுக்கும் காரணம் தேடினார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எங்களுக்குப் பூஜ்யம் பிடிக்காது. குடிநீரில் கிருமியைக் கொன்ற பிறகும் சிறிது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். வழியில் எங்காவது குழாய் கசிந்து சாக்கடை கலந்தால் அதை எதிர்கொள்ளும் காவல் அது. சுத்திகரித்த இடத்தில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 என்பது வழக்கமான கணக்கு. மிஞ்சிய குளோரினை அறியும் சோதனை மாத்திரையைப் போட்டதும் நீர் இளஞ்சிவப்பாக வேண்டும். நிறமே மாறாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. இதிலும் ஏமாற்று உண்டு. சிலர் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் மட்டும் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதிவிடுவார்கள். நான் முதலில் கேட்பது, கடைசி வீடு எது என்றுதான். குழாய் முடிகிற இடத்தில், மேட்டில் இருக்கிற வீட்டில், அழுத்தம் குறைந்து நூலாகச் சொட்டுகிற நீரில் அளந்தால்தான் அது அளவு.

அளவு சரியாக இருந்துவிட்டால் போதுமா என்றால் அதுவும் இல்லை. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் நான்கு லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி. குளோரினுக்கு அது அசைந்துகொடுப்பதில்லை. வடிகட்டிதான் தடுத்திருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் நீரின் கலங்கல் ஏறியதுதான் முன்னறிகுறி. நாம் சோதித்த கிருமி இல்லை என்பது, சோதிக்காத கிருமியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

தடுப்பூசிக் கணக்கைப் பற்றிப் பேசினால் நண்பர்கள் கொஞ்சம் சலித்துக்கொள்வார்கள். ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். தட்டம்மை அவ்வளவு எளிதாகத் தொற்றும் நோய். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அதனால்தான் நூற்றுக்கு 95 பேருக்காவது இரண்டு தவணையும் போய்ச் சேர வேண்டும் என்கிறார்கள். அப்படிச் சேர்ந்தால், இன்னும் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையும், புற்றுநோய்ச் சிகிச்சையால் தடுப்பூசி போட முடியாத சிறுமியும்கூடக் காப்பாற்றப்படுகிறார்கள். அவர்களை நோக்கி வரும் வைரஸுக்கு இடையில் தங்க இடம் கிடைப்பதில்லை.

இந்த 95 என்பது சராசரி. சராசரியை நம்பி மேலதிகாரிகள் கைகுலுக்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும். ஒன்பது தெருக்களில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, பத்தாவது தெருவில் பாதிப் பேரை விட்டாலும் அதே 95 வரும். வைரஸ் பத்தாவது தெருவுக்கு நேராகப் போகும். 104 சதவீதம் என்று அறிக்கை வந்ததும் உண்டு! ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் பிறந்த குழந்தைகளைவிட அதிகம் என்றால், பிறந்தவர்களைச் சரியாக எண்ணவில்லை என்று பொருள். கட்டட வேலைக்கு வந்து ஆறு மாதத்தில் வேறு இடம் போகும் குடும்பங்கள், பதிவில்லாத குடியிருப்புகள், வீட்டில் நடந்த பிரசவங்கள் எதுவும் பட்டியலில் இருக்காது. ஒரு தவணைகூடப் பெறாத குழந்தை பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத குழந்தைதான். அந்தக் குழந்தையைக் காண ஒரே வழி நடப்பது. செவிலியர்கள்தான் நடக்கிறார்கள், நல்ல பெயர் எங்களுக்கு வருகிறது.

மருந்துப் பெட்டியிலும் இதே சிக்கல். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். குப்பி மேல் ஒட்டியிருக்கும் வெப்பங்காட்டி, சூடு பட்டதை நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். உறைந்துபோனதைக் காட்டாது. உறைந்து உருகிய டெட்டனஸ் தடுப்பூசி வெளித்தோற்றத்தில் நல்லதைப் போலவே இருக்கும், பயன் மட்டும் குறைந்திருக்கும். குலுக்கி வைத்து, வண்டல் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று இன்னொரு குப்பியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். வெயிலுக்குப் பயந்து பனிக்கட்டியோடு ஒட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பூஜ்யத்தை எப்படி நிறுவுவது என்பதற்குப் பெரியம்மையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி, சோமாலியாவின் மெர்கா நகரத்து மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில் நோய் கண்டார், பிழைத்தும் கொண்டார். நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார சபை அறிவித்தது 1980 மே மாதத்தில். நடுவே இருந்த காலம் தேடுவதற்குப் போனது. 1978இல், பெரியம்மை நோயாளியைக் காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வந்த தகவல்கள் எல்லாம் சின்னம்மையாகவும் வேறு தோல் நோயாகவும் முடிந்தன. பணம் தருகிறோம் என்றும் யாராலும் காட்ட முடியவில்லை என்ற பிறகுதான் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு வந்தது.

நிதிக்கூட்டங்களில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி. மூன்று ஆண்டுகளாக ஒரு நோயாளியும் இல்லையே, இத்தனை வண்டியும் இத்தனை ஆளும் எதற்கு? கேட்பவரைக் கோபிக்க முடியாது, அவர் கையில் இருப்பது எங்கள் பூஜ்யங்கள்தானே. சோவியத் யூனியன் சிதறிய பிறகு தொண்டை அடைப்பான் திரும்பி வந்ததை நான் அப்போது சொல்வேன். அடங்கிவிட்டதாகக் கருதப்பட்ட நோய். 1990களில் அந்த நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். சில சமயம் வண்டி தப்பும், சில சமயம் தப்பாது.

எங்கள் வாராந்தரப் படிவத்தில் இப்போது இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன. பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே, எத்தனை பதிவேடுகள் பார்க்கப்பட்டன, பார்த்தவர் யார் என்று எழுத வேண்டும். வேலை கூடிவிட்டது என்று புகார்கள் வருகின்றன. ஓரிரு நிலையங்கள் இரண்டு கட்டங்களிலும் பூஜ்யம் போட்டே அனுப்பிவிட்டன. அடுத்த வாரம் முதலில் போக வேண்டியது அங்கேதான்.