மியூவான் வளையம் சொன்ன அளவு

காமா கதிர்த் தொலைநோக்கியைச் சோதிப்பவருக்கு முதல் இடர்ப்பாடு, அதன் முன்னால் ஏற்றிவைத்துப் பார்க்கக் காமா விளக்கு என்று ஒன்று இல்லாததுதான். விண்ணிலிருந்து வரும் காமா கதிர் தரையை எட்டுவதில்லை. வளிமண்டலத்தின் உயரங்களில் மோதி, எலெக்ட்ரான்களும் பாசிட்ரான்களுமாகப் பொழிந்துவிடுகிறது. காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைந்து பாயும் அத்துகள்கள் உமிழும் நீலச் செரன்கோவ் ஒளி, சில நானோ நொடிகளே நீடிக்கும். தரையில் நாம் பிடிப்பது அதைத்தான். ஆகவே எங்கள் கருவியில் பாதி காற்று. அந்தப் பாதியை ஆய்வுக்கூட மேசையில் வைத்து அளக்க இயலாது.

லடாக்கின் ஹான்லேயில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,270 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேஸ் என்ற காமா கதிர்த் தொலைநோக்கியின் சோதனைப் பணியில் சில பருவங்கள் இருந்தேன். அதன் ஆடித்தட்டின் விட்டம் 21 மீட்டர். 356 பலகங்கள், பலகத்துக்கு நான்கு அலுமினிய ஆடிகள். குவியத்தில், மிக மங்கிய ஒளியையும் மின்துடிப்பாக்கும் 1,088 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் கொண்ட கேமரா. குழாய்க்கு ஒரு பிக்சல். நிலவில்லாத இரவுகளே வேலை நேரம். லே நகரில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு போனாலும், அங்கே நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

முதல் வேலை, ஆடிகளை ஒருமுகப்படுத்துவது. பிரகாசமான விண்மீன் ஒன்றை நோக்கித் திருப்பினால் ஒவ்வொரு பலகமும் தனக்கென ஒரு புள்ளியைக் குவியத்தில் இடும். வைக்கத் தொடங்கிய கோலம்போல அவை சிதறிக் கிடக்கும். ஒரு பலகத்தின் மோட்டாரை இயக்கும்போது அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகி நகர்வது தெரியும். அதை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு அடுத்த பலகம். அவசரப்பட்டுச் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

அடுத்து, எவ்வளவு ஒளி வந்தால் கேமரா பதிவுசெய்யத் தொடங்கும் என்ற டிரிகர் வரம்பைப் படிப்படியாக இறக்கி, பதிவுகளின் எண்ணிக்கை எங்கே திடீரென எகிறுகிறது என்று பார்ப்போம். அந்த இடத்துக்குக் கீழே கேமரா எண்ணுவது வானத்தின் இயல்பான மங்கல் ஒளியை. அதற்கு மேலேதான் துகள் பொழிவுகள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை மியூவான்களைக் கொண்டு செய்வது. மியூவான், எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள். விண்ணிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களான காஸ்மிக் கதிர்களிலிருந்து பிறந்து தரைவரை வரும் மியூவான் ஆடித்தட்டின் மீதே விழுந்தால், அது கடைசிச் சில நூறு மீட்டரில் உமிழ்ந்த ஒளி கேமராவில் முழு வட்டமாகப் பதியும். ஹான்லே உயரத்தில் அதன் ஆரம் சுமார் ஒரு பாகை. திரையில் எண்ணினால் மையத்திலிருந்து எட்டு பிக்சல். வளையம் முழுமையாக விழாமல் வில்லாகத் துண்டுபட்டால் அது காமா கதிரின் படத்தைப்போல் ஏமாற்றும் என்பதால், தரவை அலசுகிறவர்கள் மியூவானை உமியாகப் புடைத்துத் தள்ளுகிறார்கள். சோதிக்கிறவனுக்கோ அந்த உமிதான் படிக்கல். வளையத்தின் ஆரமும் மியூவான் விழுந்த இடமும் தெரிந்தால், வந்து சேர வேண்டிய ஒளி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுவிடலாம். கேமரா பதிந்த அளவை அதனோடு ஒப்பிட்டால் ஆடி, குழாய், மின்னணுச் சுற்று அனைத்தின் கூட்டுத் திறனும் ஒரே எண்ணில் கிடைக்கும்.

புழுதிக் காற்று ஓய்ந்த ஒரு வாரத்தில் இதன் அருமையை உணர்ந்தேன். கேமராவைச் சீர்பார்க்கும் எல்.இ.டி. துடிப்புகள் எவ்வித மாற்றமும் காட்டவில்லை. வளையங்கள் மட்டும் மங்கியிருந்தன. எல்.இ.டி. ஒளி நேரே கேமராவில் விழுகிறது, மியூவான் ஒளியோ ஆடி வழியாக வருகிறது. காலையில் ஆடி ஒன்றின் மேல் விரலை வைத்தபோது நுனியில் மெல்லிய சாம்பல் நிறத் தூசி ஒட்டியது.

இந்தியாவில் இத்துறை 1969-இல் உதகமண்டலத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரால் தொடங்கப்பட்டது. அன்று படம் எடுக்கும் கேமரா இல்லை. ஒளித்துடிப்புகளை எண்ண மட்டுமே முடிந்தது. அவர்களின் பொறுமையை ஹான்லேயில் அடிக்கடி நினைத்துக்கொண்டதுண்டு.

இறுதிச் சோதனை, வெடித்த விண்மீன் ஒன்றின் எச்சமான நண்டு நெபுலா. அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி 1989-இல் உறுதிசெய்த இந்தக் காமா கதிர் மூலம்தான் இன்றும் எல்லோருக்கும் பொது அளவுகோல். அதிலிருந்து வரும் ஒரு காமாவுக்கு ஆயிரக்கணக்கில் காஸ்மிக் கதிர்ப் பொழிவுகள் குறுக்கிடும். படங்களின் நீள அச்சு நெபுலாவை நோக்கியிருக்கும் நிகழ்வுகள் மட்டும் மெல்ல மெல்ல மிகுந்து வருவதை, அச்சு நெபுலாவிலிருந்து விலகும் கோணத்தைக் காட்டும் வரைபடத்தின் இடது ஓரத்தில் கண்கொட்டாமல் பார்த்திருப்போம். அந்த மிகுதி எத்தனை ஆற்றலுக்குரியது என்பது வளையங்கள் தந்த எண்ணைப் பொறுத்தது. அதனால் நண்டு நெபுலாவின் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதுமுன், அதே பக்கத்தின் முதல் வரியில் அன்றிரவு பதிந்த மியூவான் வளையங்களின் சராசரி ஒளியளவை எழுதிவைப்பது என் வழக்கம்.