தப்பு வேறு, பாலிசி வேறு

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் மேம்பாலம் வந்து இறங்கும் பம்மத்தில் இரண்டு கார் உரசினால் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். “பின்னால இடிச்சவன்தான் மக்கா குடுக்கணும்” என்று டீக்கடையில் நிற்பவரே சொல்லிவிடுவார். பாதி சரி. இடைவெளி விட்டு ஓட்ட வேண்டியது பின்னால் வருபவர் பொறுப்பு என்பதால் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழும். ஆனால் முன் வண்டி ராத்திரியில் விளக்கில்லாமல் ரோட்டிலேயே நின்றிருந்தாலோ, ரிவர்ஸில் வந்திருந்தாலோ கணக்கு மாறும். விபத்து நஷ்டஈடு வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயம் தப்பை இருவர் மேலும் சதவீதம் போட்டுப் பிரிக்கும்.

டீக்கடைத் தீர்ப்பின் பெரிய கோளாறு இன்னொன்று. யார் மேல் தப்பு என்பதும், எந்த இன்சூரன்ஸ் பாலிசி எதற்குப் பணம் தரும் என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஃபுல் கவர் இருந்தால், தப்பு தன்னுடையதே ஆனாலும் தன் கார் சேதத்துக்குத் தன் கம்பெனி தரும். அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்தை மட்டும் ஏற்கும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால், தப்பே செய்யாதவருக்கும் தன் கம்பெனியிடமிருந்து தன் காருக்கு ஒரு ரூபாய் வராது. எதிர்த்தரப்பின் தப்பை நிரூபித்து அவர் பாலிசியில்தான் வாங்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயரோடு நடக்கும் சண்டைகளில் பாதி இந்தக் குழப்பத்தில் பிறப்பவை.

சர்வேயர் யார் குற்றவாளி என்று சொல்வதில்லை. எழுதிக் கொடுத்த சம்பவமும் தகரத்தில் இருக்கும் அடியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். கிளெய்ம் படிவத்தில் ‘பைக் உரசியது’ என்று இருக்கும். கதவின் பள்ளமோ மூன்றடி உயரத்தில் அகலமாக, இடுக்கில் வெள்ளைச் சுண்ணாம்புத் தூளோடு இருக்கும். அது வீட்டு கேட் தூண். கீறலைக் கிட்டப் போய்ப் பார்த்தால் உரிந்த பெயின்ட் சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். உரசிய பொருள் அந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறது. கதவில் சுருள் பின்னாலிருந்து முன்னால் ஒதுங்கியிருந்தால் இன்னொரு வண்டி வேகமாக முந்தியிருக்கிறது. முன்னாலிருந்து பின்னால் என்றால், நின்ற வண்டியையோ எதிரே வந்ததையோ இந்தக் கார் உரசிக்கொண்டு போயிருக்கிறது. “நான் சும்மா நின்னேன், அவன் முந்தறப்ப இடிச்சான்” என்ற பேச்சு பல நேரம் இங்கேயே உடைந்துவிடும்.

குளச்சல், கன்னியாகுமரி மாதிரி கடலோர ஊர்களில் துரு ஏமாற்றும். பெயின்ட் போன தகரத்தில் உப்புக் காற்று பட்டால் சீக்கிரமே ஆரஞ்சு நிறம் ஏறிவிடும். பழைய அடி என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. புதுத் துரு விரலால் தேய்த்தால் கையோடு வரும். பழையது கறுத்து, மடிப்பில் மண் இறுகி, சுரண்டினால் பொருக்காக உதிரும். அடிபட்ட அன்றே கம்பெனிக்குச் சொல்லி, நம்பர் பிளேட்டும் அடியும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து வைத்தால் இந்தத் தகராறே வராது. வண்டியை ஓரம் கட்டும் முன், சக்கரம் நிற்கும் இடமும் கண்ணாடித் தூள் கிடக்கும் இடமும் தெரியும்படி நான்கு மூலையிலிருந்தும் படம் வேண்டும். காயம்பட்டவர் இருந்தால் முதலில் அவரைக் கவனிக்க வேண்டும், பிறகுதான் படம்.

‘ஃபுல் கவர்தானே, ஏன் முழுசா தரல?’ என்பவர்களுக்காக ஒரு கணக்கு. நாலரை வருடக் கார், 1200 சிசி. பம்பர் 6,000, ஃபெண்டர் 4,000, முன் கண்ணாடி 8,000, பெயின்டிங் 10,000. வரி நீங்கலாக மொத்தம் 28,000 ரூபாய். பிளாஸ்டிக் பம்பருக்கு 50 சதவீதம் தேய்மானம், 3,000 போகும். இரும்பு ஃபெண்டருக்கு அந்த வயதில் 35 சதவீதம், 1,400 போகும். கண்ணாடிக்குத் தேய்மானமே இல்லை. பெயின்டிங்கில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதி கழிப்பார்கள், 1,250. கடைசியாகக் கட்டாயக் கழிவு 1,000. 1500 சிசிக்கு மேல் என்றால் அது 2,000. கைக்கு வருவது 21,350. பம்பர் டு பம்பர் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் தேய்மானம் போகாது, அந்த ஆயிரம் மட்டும் அப்போதும் போகும். சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடுவதற்கு முன் நோ கிளெய்ம் போனஸையும், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியையும், பார்க்க வேண்டும். ஐந்து வருடம் சேர்த்த 50 சதவீதம் ஒரே கிளெய்மில் பூஜ்யமாகும்.

கிளெய்ம் நிராகரிப்புகளில் இந்த மாவட்டத்தில் வழக்கமான ஒன்று உண்டு. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு காரில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வாடகை சவாரி. வழியில் அடிபட்டு, பின் சீட்டில் இருந்தவர் “இவ்வளவு ரூபா குடுத்தேன்” என்று வாக்குமூலத்தில் சொல்லிவிட்டால் கார் சேதத்துக்கான கிளெய்ம் முடிந்தது. அடுத்தது, கேரளாவில் வாங்கிய பழைய காரை பெயர் மாற்றாமல் ஓட்டுவது. காயம்பட்ட மூன்றாம் நபருக்கு அந்த பாலிசி தொடர்ந்து பொறுப்பாகும். வாங்கியவரின் கார் சேதத்துக்கு ஆகாது. அதற்கு 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். இன்ஜின் அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப் உடைந்தபின் “பக்கத்துலதான் ஒர்க்‌ஷாப்” என்று ஓட்டிப்போய் இன்ஜின் பிடித்துக்கொண்டால் சம்புக்கு வரும், இன்ஜினுக்கு வராது.

எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸோடு மஞ்சள் போர்டு வாடகை வண்டி ஓட்டியது இப்போது கிளெய்முக்குத் தடையில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 7,500 கிலோ வரை அது போதும் என்று உறுதி செய்துவிட்டது.

ஆட்களுக்கு அடிபட்டால் களமே வேறு. அங்கே பெரும்பாலும் தப்புதான் பேசும். எஃப்ஐஆர், விபத்து இடத்தில் போலீஸ் எழுதும் மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் தீர்ப்பாயத்துக்குப் போகும். களியக்காவிளையில், தமிழ்நாடு–கேரள எல்லையில் நடந்தால் எந்த ஊர்க் கோர்ட் என்று பலர் தடுமாறுவார்கள். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், மூன்றில் எதுவும் மனுதாரர் விருப்பம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. ரோட்டோரத்தில் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு ‘இனி புகார் இல்லை’ என்று வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டவர், நான்காம் நாள் முழங்கால் வீங்கி ஸ்கேன் எடுக்கும்போது கையில் எஃப்ஐஆரும் இருக்காது, இடித்த வண்டியின் பாலிசி நம்பரும் இருக்காது.